நீல மூடிக் குப்பி

ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால், ஒரு ஜூலை மாதம். ஊட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காகச் சேர்ந்து எனக்கு இரண்டு வருடம் முடிந்திருந்தது. ஈரோட்டு வெயிலில் வளர்ந்தவள் என்பதால் மழையும் மூடுபனியும் முதலில் திண்டாட வைத்தன. பிறகு பழகிவிட்டது.

என் வேலை சுண்டெலிகளோடு. கை கால் நடுங்கி, உடம்பு விறைத்து, நடை தளர்ந்து போகிற நோய் ஒன்று இருக்கிறதல்லவா, நடுக்குவாதம் என்பார்கள். அதைப் போன்ற பாதிப்பை எலிகளின் மூளையில் உண்டாக்கி, ஒரு புது மருந்து அதைத் தடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மருந்து என்பது பெப்டைடு, அதாவது புரதத்தின் ஒரு சின்னத் துண்டு. சாதாரணமாக அது செல்லுக்குள் நுழையாது. அதனால் செல்லின் சுவரைத் தாண்டி உள்ளே கூட்டிப்போகும் இன்னொரு துண்டை வால் மாதிரி அதோடு சேர்த்திருந்தார்கள்.

குப்பிகளுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று நிறத்தில் மூடி. ஒரு நிறத்தில் மட்டும்தான் நிஜ மருந்து. மற்ற இரண்டும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்தவை. எது எது என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒருவருக்குத்தான் தெரியும். தினமும் ஊசி போடுகிற எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என்னை அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன் என்பதற்காக அந்த ஏற்பாடு.

எலிக்கூண்டுகளைச் சுத்தம் செய்து, தீனி வைத்து, நான் ஊசி போடும்போது எலியைப் பிடித்துக்கொடுப்பது ஓர் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஜெகதளாவுக்குக் கீழே ஒரு எஸ்டேட் லைனிலிருந்து, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையிலிருந்து, தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். அவர் கையில் எலி துள்ளாது. கழுத்துத் தோலைப் பிடித்துத் திருப்புகிற விதம் அப்படி. என்னை 'அம்மணி' என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வருடம் அருகருகே நின்று வேலை செய்திருக்கிறோம். அவர் கணவர் ஒரு டீ ஃபேக்டரியில் இருந்தார், வேலை போய்விட்டது, குடிகாரர் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். அதற்கு மேல் நான் விசாரித்ததில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, எலிகளைச் சுழலும் உருளை மேல் நிற்க வைத்துப் பார்த்தோம். நோய் வந்த எலிகள் கொஞ்ச நேரத்தில் வழுக்கி விழுந்துவிடும். நீல மூடிக் குப்பியிலிருந்து ஊசி போட்ட கூண்டில் எடுத்த முதல் எலி விழவில்லை. உருளை வேகமெடுத்தது, அப்போதும் விழவில்லை. இரண்டாவது எலியும் அப்படியே நின்றது. நான் கைதட்டிவிட்டேன். "அக்கா, இதுதான் மருந்து! பாருங்க, எப்படி ஓடுதுனு!" என்று கத்தினேன்.

அக்கா உருளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க அம்மணி, இதையே மனுசருக்குப் போடோணும்னா எவ்வளவு போடோணுமுங்க?" என்று கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டே, "மனுஷங்களுக்கா? இந்தக் குப்பி முழுசும் போட்டாக்கூடக் காணாதுக்கா. ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

அவ்வளவுதான். நான் அதோடு மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊசி போட வேண்டும். அக்கா வரவில்லை. சொல்லாமல் லீவு போடுகிறவர் இல்லையே என்று நினைத்துக்கொண்டே குப்பிகள் இருந்த உறைபெட்டியைத் திறந்தேன். நீல வரிசையில் குப்பி செருகும் பள்ளம் ஒன்று காலியாக இருந்தது. பட்டியலைப் பார்த்தேன். குப்பிகளைக் கொட்டி மறுபடி எண்ணினேன். ஒன்று குறைந்தது.

அக்காவின் ஃபோன் அணைந்திருந்தது. வாசலில் இருந்த காவலாளியிடம் போய், அக்கா நேற்று எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று கேட்டேன்.

"லேட்டாத்தானுங்க போச்சு. கேன்டீன்ல ஐஸ் வாங்கி ஃபிளாஸ்க்ல போட்டுக்கிட்டுப் போச்சு. என்னத்துக்குன்னு கேட்டேன், ஊட்டுக்காரருக்குன்னு சொல்லுச்சு. பாவம், அந்த மனுசனுக்குக் கை காலெல்லாம் நடுக்கமாமுங்க."

"குடிச்சுக் குடிச்சா?"

"குடியா? அந்த ஆளு பீடிகூடக் குடிக்காதுங்க. அது வியாதியாமுங்க. நடுங்கிக்கிட்டே வேலைக்குப் போகவும் குடின்னு சொல்லி நிப்பாட்டிப்போட்டாங்க."

ஐஸ், ஃபிளாஸ்க், நடுக்கம், நேற்று அவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த நிமிடம் நான் முதலில் பயந்தது அக்காவின் கணவரை நினைத்து அல்ல, என்னை நினைத்துத்தான். பேராசிரியர் கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவார். அதற்குள் குப்பியை வாங்கி வந்து அந்தப் பள்ளத்தில் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். அதனால் அவருக்கு ஃபோன் செய்யவில்லை. அலுவலகத்தில் அக்காவின் முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

லவ்டேல் தாண்டும்போதே பனி இறங்கிவிட்டது. டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினார். எல்லநள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு கற்பூர மரம், யூகலிப்டஸ்தான், ரோட்டின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. நாலைந்து பேர் மழையில் நின்று கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் என் பயம் மாறியது. அந்தக் குப்பி எலிகளுக்காகக் கரைத்தது. மனித உடம்பில் ஏற்றுகிற மருந்துக்குச் செய்யும் எந்தச் சுத்திகரிப்பும் அதற்குச் செய்யவில்லை. அது என்ன செய்யும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அது தெரியாததால்தானே எலிக்குப் போட்டுப் பார்க்கிறோம்! ஏற்கெனவே நோயில் கிடக்கிற மனிதரின் உடம்பில் அதை ஏற்றினால்? அதற்கு மேல் உட்கார முடியவில்லை. இறங்கி மரத்தைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் போய்விட்டேன். கேரட் இறக்கிவிட்டு வந்து, ரோடு மறிபட்டதால் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பிக்அப் வண்டிக்காரரிடம் கெஞ்சி அருவங்காடு வரை போனேன். அங்கிருந்து ஆட்டோ.

ஜெகதளா தாண்டி ஆட்டோக்காரர் ஒரு வளைவில் நிறுத்தினார். "இதுக்கு மேல வண்டி போகாதுங்க. இந்தத் தடத்துலயே எறங்கினா லைன் வந்துரும்" என்றார். இரண்டு பக்கமும் தேயிலை, நடுவில் ஒற்றையடிப் பாதை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வழுக்கிக்கொண்டே இறங்கினேன்.

பாதி வழியில் சட்டென்று நின்றேன். முன்னால் பாதையில் கறுப்பாக ஏதோ நின்றது. பாறை என்று நினைத்தேன். அது மூச்சு விட்டது.

காட்டெருமை. தனியாக நின்ற பெரிய எருமை. என்னைப் பார்த்துக்கொண்டே அசையாமல் நின்றது. கிட்டே போகக் கூடாது, ஓடவும் கூடாது என்று சொல்லிக் கேட்டிருந்தேன். தேயிலைக்குள் இறங்கிச் சுற்றிப் போகலாம் என்றால், செடிகள் இடுப்பளவுக்குப் பின்னிக் கிடந்தன. அங்கே இன்னும் எத்தனை நிற்கின்றனவோ. கையில் குடை இருந்தும் விரிக்கப் பயமாக இருந்தது. மழை தலையில் வழிய நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கீழே எங்கோ குக்கர் விசில் அடித்தது. 'இந்நேரம் போட்டிருப்பாரோ, இந்நேரம் போட்டிருப்பாரோ' என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. கடைசியில் அது தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டுச் செடிகளுக்குள் இறங்கி நடந்தது. அது மறைந்ததும் நான் ஓடினேன்.

லைனில் ஐந்தாவது வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒல்லியான ஒரு மனிதர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பளிக்கு வெளியே தெரிந்த வலது கை, நிற்காமல் எதையோ உருட்டுவது போல ஆடிக்கொண்டிருந்தது. அடுப்புப் பக்கம் அக்கா. மேடை மேல் ஃபிளாஸ்க், ஊசி, மூடி கழற்றிய நீலக் குப்பி. குப்பி காலி.

"போட்டுட்டீங்களா?" என்று கத்திக்கொண்டே அந்த மனிதர் பக்கம் போய் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன்.

"அவருக்கில்லீங்க அம்மணி" என்றார் அக்கா. முகத்தில் குற்ற உணர்வும் வெட்கமுமாக ஒரு பார்வை. "எனக்குத்தானுங்க போட்டேன். இப்பத்தான், குக்கரை வெச்சுப்போட்டு. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நாளைக்கு இன்னொண்ணு எடுத்தாந்து அவருக்குப் போடலாம்னுங்க."

அவர் கணவர் மெல்லிய, இழுத்து இழுத்து வரும் குரலில், "எனக்கே போடுன்னு சொன்னேனுங்க. கேக்க மாட்டீனுட்டா" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா தண்ணீர் மொண்டு கொண்டுவந்தார். தம்ளரை நீட்டியபோது அவர் இடது கை கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கன்னத்துக்கு ஏறியது.

"அக்கா, அரிக்குதா?"

"ஒடம்பெல்லாம் சூடா இருக்குதுங்க. உதடு ஒரு மாதிரி..."

சொல்லி முடிப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டார். உதடும் கண் இமையும் வீங்கத் தொடங்கியிருந்தன. மூச்சில் ஒரு சீழ்க்கைச் சத்தம். அவர் கணவர் எழுந்து வர முயன்றார். கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நகர மறுத்தது. உடம்பு முன்னால் சாய, நாற்காலியோடு விழப் பார்த்தார். இரண்டு பேரில் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் நான் வாசலுக்கு ஓடிப் பலமாகக் கூப்பிட்டேன்.

பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பெண்கள் வந்தார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒருத்தி அவர் கணவரைப் பிடித்து உட்கார வைத்தாள். மற்றவர்கள் ஒரு கம்பளியை விரித்து அக்காவைப் படுக்கவைத்து, நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கினார்கள். அந்த வழுக்குப் பாதையில் அவர்கள் ஏறிய வேகத்துக்கு வெறும் கையோடு என்னால் ஏற முடியவில்லை. மேலே ஒரு பெண் முன்கூட்டியே ஓடி, தேயிலைக் கொழுந்து ஏற்ற வந்த ஜீப்பை நிறுத்திவைத்திருந்தாள். குப்பியை மட்டும் நான் கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். வழியெல்லாம் அக்காவின் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நிறம் மாறிக்கொண்டிருந்தது.

குன்னூர் ஆஸ்பத்திரியில் என் வயதே இருக்கும் ஒரு டாக்டர் அக்காவைப் பார்த்த உடனே தொடையில் ஓர் ஊசி போட்டார். ஆக்ஸிஜன் வைத்தார்கள், சலைன் ஏற்றினார்கள். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பி, "என்ன மருந்து போட்டாங்க?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

"உங்க லேப் மருந்துனு சொல்றீங்க. தெரியாதுன்னா?"

நீல மூடி, போலி, ரகசியம் என்று நான் உளறினேன். அவர் பொறுமையாக, "யாருக்குத் தெரியுமோ அவங்களைக் கூப்பிடுங்க" என்றார்.

பேராசிரியரைக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார். அழுதுகொண்டே சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "என்ன கலர்?" என்றார். சொன்னேன். "ஃபோனை டாக்டர்கிட்டக் கொடு." எந்த நிறத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னால், அத்தனை மாத உழைப்பும் அந்த நொடியே வீண். ஒரு விநாடிகூட அவர் தயங்கவில்லை.

டாக்டர் ஒலிபெருக்கியில் போட்டார். பேராசிரியர் குரல் நிதானமாக வந்தது. "அது மருந்தே இல்லை டாக்டர். நிஜ மருந்தோட துண்டுகளையே வரிசை மாத்திக் கோத்தது. எந்தப் பலனும் இருக்காது. ஆனா செல்லுக்குள்ள போற வால் அதுலயும் இருக்கு. அதுதான் அலர்ஜியைக் கிளப்பியிருக்கும். சுத்திகரிக்காதது, அதனால ஜுரம் வரலாம், கிருமி பரவலாம். ரெண்டு நாளாவது வெச்சுப் பாருங்க. நான் கிளம்பி வர்றேன்."

நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீல மூடிக் குப்பியில் மருந்து இல்லை. நான் கைதட்டிய எலிகள் மருந்து கிடைக்காத எலிகள். இரண்டே எலி, ஒரே ஒரு மதியம். அதைப் பார்த்துவிட்டு 'இதுதான் மருந்து' என்று கத்தியிருக்கிறேன்.

ஒரு மணி நேரத்தில் வீக்கம் வடியத் தொடங்கியது. ரத்த அழுத்தம் ஏறி நிலைத்தது. அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அரிசி குக்கர்லயே இருக்குதுங்க" என்றார்.

மதியத்துக்கு மேல் அவர் கணவரை அழைத்து வந்தார்கள். வராந்தாவில் ஒரு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த மருந்து நல்லா வேலை செய்யுதுங்களா அம்மணி?" என்று கேட்டார்.

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஏற்கெனவே யோசிக்காமல் அக்காவிடம் சொன்னதே போதும் என்று நினைத்து, உள்ளதைச் சொன்னேன். அது மருந்தே இல்லை என்று.

அவர் ஆடுகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட இன்னைக்குச் சொல்லாதீங்க" என்றார். "தெனமும் அந்த எலிங்க கதையைச் சொல்லித்தானுங்க எனக்குச் சோறு ஊட்டுவா. இன்னைக்கு இது நின்னுச்சு, இது நடந்துச்சுன்னு. நேத்து ரொம்ப சந்தோசமா வந்தா."

அன்றைக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அக்கா வீடு திரும்பிய பிறகு நானே போய்ச் சொன்னேன். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்புறம் அந்த எலி எப்படிங்க விழாம நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டார். சில எலி சில நாள் அப்படி நிற்கும் என்று சொன்னேன்.

விசாரணை நடந்தது. 'குப்பி முழுவதும் போட்டாலும் ஒன்றும் செய்யாது' என்று சொன்னவள் நான்தான் என்றும், குப்பி காணவில்லை என்று தெரிந்ததும் மறைக்கப் பார்த்தேன் என்றும் எழுதிக் கொடுத்தேன். உறைபெட்டிக்குப் பூட்டுப் போடாதது தன் தவறு என்று பேராசிரியர் எழுதினார். என்ன எழுதியும் அக்காவைத் திரும்ப எடுக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே கொழுந்து பறிக்கப் போனார். சோதனையை அனுமதி வாங்கி ஆரம்பத்திலிருந்து தொடங்கினோம். எனக்கு ஒரு வருடம் கூடுதலாகப் போனது. அந்த வருடம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அக்காவின் வேலை போனதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

பேராசிரியர் தனக்குத் தெரிந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அக்காவின் கணவரை அனுப்பிவைத்தார். அந்த மருத்துவர் புது மருந்து எதுவும் தரவில்லை. ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மாத்திரையையே நேரம் மாற்றி, சாப்பாட்டுக்கு முன்னால் பிரித்துப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். அதிலேயே அக்காவின் கணவரால் சோற்றைத் தானே எடுத்துச் சாப்பிட முடிந்தது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது, ஆனால் முடிந்தது. எங்கள் நிஜ மருந்து இரண்டாம் முறை எலிகளில் சின்னதாக ஒரு பலன் காட்டியது. மனிதருக்கு வர இன்னும் எத்தனை காலமோ.

இப்போது நான் வேறோர் ஊரில் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். கல்யாண வீட்டிலும் ரயிலிலும் என் வேலையைக் கேள்விப்படுகிறவர்கள், "அந்த நோய்க்கு மருந்து எப்பங்க வரும்?" என்று சாதாரணமாகக் கேட்பார்கள். நான் சட்டென்று பதில் சொல்வதில்லை. "வீட்டில் யாருக்கு?" என்றுதான் முதலில் கேட்கிறேன். கேட்டவர்களில் பாதிப்பேர் அதன் பிறகுதான் வீட்டில் இருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார்கள்.